ஓரகத்தி இளைத்தாள்

ஓடைக்கரைக் காட்டில் மாராயி, நல்லம்மா என்று இரண்டு கரடிகள் இருந்தார்கள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்திகள். மாராயி மூத்தவள். இருவருமே நல்ல பருமன். நடந்தால் சருகு நொறுங்கும் சத்தம் அக்கரைக்குக் கேட்கும்.

அந்தக் கோடையில் நல்லம்மாவுக்கு முழங்கால் வலி வந்தது. வைத்தியம் பார்க்கும் கீரி வேலாத்தாளிடம் போனாள். வேலாத்தாள் சாப்பாட்டைக் குறைத்துப் பத்தியம் சொன்னாள். மூன்று மாதத்தில் நல்லம்மா பாதியாக இளைத்துவிட்டாள்.

"யாரோ புதுசா வந்த பொண்ணுன்னு நெனச்சேன்" என்றது தண்ணீர் குடிக்க வந்த மான்.

மாராயி பக்கத்தில்தான் நின்றாள். மான் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது.

"இளைச்சா மட்டும் ஆச்சா? முகத்துல களையே இல்லை" என்று மரத்தில் இருந்த மந்தியிடம் சொல்லிப் பார்த்தாள்.

"அப்படியா? எனக்கு அழகாத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு மந்தி அடுத்த கிளைக்குத் தாவிவிட்டது.

அன்று மாலை மாராயி தேனொழுகப் பேசினாள். "நல்லம்மா, அப்படி என்னதாண்டி சாப்பிடுறே?"

நல்லம்மா ஒளிக்கவில்லை. "காலையில ரெண்டு கை நாவல்பழம், சாயங்காலம் கொஞ்சம் கறையான். தேன் கிடையாது. ஆனா அக்கா, வைத்தியரம்மா எடுத்ததும் இதைக் கொடுத்துடலை. நெஞ்சுல காதை வெச்சுக் கேட்டாங்க. முன்னாடி என்ன நோய் வந்துச்சு, இப்ப என்ன மருந்து சாப்பிடுறே, வயித்துல குட்டி இருக்கான்னு எல்லாம் விசாரிச்சாங்க. வாரம் ஒருமுறை போய்க் காட்டிட்டு வரேன். நீங்களும் ஒரு தடவை காட்டிட்டு ஆரம்பிங்க."

மாராயிக்கு அது புத்திமதியாகக் கேட்கவில்லை. பெருமையாகக் கேட்டது. 'நான் வைத்தியரிடம் போனால், ஓரகத்தியைப் பார்த்துத்தான் போனாள் என்று காடே பேசும். அவள் ரெண்டு கை தின்றால் நான் ஒரு கை தின்கிறேன். அவளுக்கு மூன்று மாதம் என்றால் எனக்கு ஒரே மாதம்' என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளே சாப்பாட்டைக் குறைத்தாள்.

ஒன்றை மட்டும் அவள் நினைத்துப் பார்க்கவில்லை. அவளுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அதற்காக வேலாத்தாள் கொடுத்த கசப்பு வேரை இரண்டு வருடமாகத் தினமும் மென்றுவந்தாள். சாப்பாட்டைக் குறைத்த பிறகும் வேரை அதே அளவு மென்றாள்.

நாலாம் நாள் கை நடுங்கியது. ஐந்தாம் நாள் தலை சுற்றியது.

"அக்கா, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று நல்லம்மா கேட்டாள்.

"நான் இளைக்கிறது உனக்குப் பொறுக்கலையா?" என்று மாராயி வெடுக்கென்று கேட்டாள். நல்லம்மா அதோடு கறையான் தோண்டப் போய்விட்டாள்.

ஏழாம் நாள் காலை ஓடையில் இறங்கித் தன் இடுப்பைத் தண்ணீரில் பார்த்தாள் மாராயி. கொஞ்சம் இளைத்திருந்தது. மான் வரட்டும் என்று காத்திருந்தாள். அதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே தண்ணீரில் சாய்ந்தாள்.

கரையில் கறையான் தோண்டிக்கொண்டிருந்த நல்லம்மா ஓடிவந்து அவளை இழுத்துப் போட்டாள். மந்தி ஓடிப்போய் வேலாத்தாளைக் கூட்டிவந்தது. மாராயியின் கண்ணையும் நாக்கையும் பார்த்ததுமே வேலாத்தாளுக்கு விஷயம் புரிந்தது.

"ரத்தத்துல சர்க்கரை அடியோட இறங்கிடுச்சு. உடனே தேன் வேணும்" என்றாள்.

பாறை மேல் மலைத்தேனீக் கூடு ஒன்றுதான் இருந்தது. யாரும் அதன் பக்கம் போவதில்லை. நல்லம்மா ஏறினாள். கொட்டக் கொட்ட அடையைப் பிய்த்துக்கொண்டு இறங்கினாள். வேலாத்தாள் தேனைத் தொட்டு மாராயியின் ஈறில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினாள்.

வெகுநேரம் கழித்து மாராயி கண் விழித்தாள். முதலில் தெரிந்தது நல்லம்மாவின் முகம். மூக்கு வீங்கி, ஒரு கண் மூடி, உதடு தொங்கிப்போய் இருந்தது. 'இப்போது பார்க்கச் சகிக்கவில்லை' என்று ஒரு நொடி அவள் மனம் குளிர்ந்தது.

"எதுக்கு இப்படி வீங்கியிருக்கு?" என்று கேட்டாள்.

"உனக்குத் தேன் எடுக்கப் போனப்பத் தேனீ கொட்டிடுச்சு" என்றது மந்தி.

மாராயிக்கு உடம்பெல்லாம் கூசியது. நல்லம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் மனதில் வைத்திருந்ததை எல்லாம் கொட்டிவிட்டாள்.

"நீங்க வெடுக்குன்னு பேசினப்பவே நான் வைத்தியரம்மாகிட்ட சொல்லியிருக்கணும் அக்கா" என்றாள் நல்லம்மா.

வேலாத்தாளுக்குத்தான் கோபம் தீரவில்லை. "நீ அன்னைக்குச் சாப்பிட்ட சாப்பாட்டுக்குத்தான் நான் அந்த வேரைக் கொடுத்தேன். சாப்பாடு குறைஞ்சா வேரையும் குறைக்கணும். அது எவ்வளவுன்னு நான் பார்த்துச் சொல்லணும். அவ உடம்புக்குச் சொன்ன பத்தியத்தை உன் உடம்புக்கு யார் சொன்னது?" என்றாள்.

உடம்பு தேறியதும், மாராயி தானாகவே வேலாத்தாளின் வளைக்குப் போய் நெஞ்சைக் காட்டி உட்கார்ந்தாள். வேலாத்தாள் வேரின் அளவை மாற்றினாள், சாப்பாட்டைச் சிறிது சிறிதாகக் குறைத்தாள். மாராயி மெதுவாகத்தான் இளைத்தாள். மான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

பிறரைப் பார்த்துப் பொறாமையில் பட்டினி கிடக்காமல், தன் நோயையும் மருந்தையும் வைத்தியரிடம் சொல்லிக் கேட்டபிறகே உணவைக் குறைக்க வேண்டும்.