சந்தனம் பூசிய முறையீடு

“‘மதகுப் பக்கம் கரை கசியுது சாமி. தண்ணி கலங்கலா வருது. எம் புருஷன் ஒத்தையா நின்னு மண்ணு கொட்டுறார். ஆள் அனுப்புங்க!’ இதைத்தானே ஐயா ஏரிக்கரையிலிருந்து முறையிட வந்தவள் சொன்னாள்? இதில் எந்தச் சொல் உமக்குப் புரியவில்லை?” என்று கத்தினார் மந்திரி அறவாழி.

“எல்லாம் புரிந்தது. அதனால்தான் திருத்தினேன்” என்றார் முறையீட்டு மண்டபத் தலைவர் மகரபூஷணம். “‘ஏரி பூரித்துப் பொங்குகிறது, குடிகள் ஆனந்தத்தில் திளைக்கிறார்கள்’ என்று அரசரிடம் சொல்லியாயிற்று. தெப்பத் திருவிழா நடத்தச் சொல்லிவிட்டார்.”

இந்தக் கூத்து நடந்தது முன்னொரு காலத்தில், கருவேலி நாட்டை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டபோது. ஆண்டான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அவன் காதில் அமங்கலச் சொல் விழக்கூடாது. விழுந்தால் சொன்னவர் நாக்கு போய்விடும். விளக்கு அணைந்துவிட்டது என்று வாய்தவறிச் சொன்ன பணிப்பெண் இன்னும் அரண்மனையில்தான் இருந்தாள், பேச்சில்லாமல். அதனால் குடிகளின் குறை ஒவ்வொன்றும் மூன்று வாசல் தாண்டித்தான் ராஜாவிடம் போகும். வாசலுக்கு ஒருவன் நின்று சொல்லுக்குச் சந்தனம் பூசுவான். கடைசி வாசல் மகரபூஷணத்துடையது. கேட்பதற்கு ஒருவன், மாற்றுவதற்கு ஒருவன், மெழுகுவதற்கு ஒருவன். போய்ப் பார்ப்பதற்குத்தான் ஒருவனும் கிடையாது.

தெளிந்த தண்ணீர் கசிந்தால் கரை தாங்கும். கலங்கலாக வந்தால் கரையின் வயிற்றுக்குள்ளேயே மண் கரைகிறது என்று அர்த்தம். ஏரிக்குக் கீழே ஊர். ராஜாவின் உத்தரவு இல்லாமல் ஓர் ஆள்கூட நகரமாட்டான்.

“நீரே போய்ச் சொல்லுமே, மந்திரியாரே! நாக்கு உம்முடையதுதானே?” மகரபூஷணம் இளித்தார்.

அறவாழி நேரே பாம்பாட்டி வீட்டுக்குப் போனார்.

ராஜா குளியலறைத் தொட்டியில் இறங்கிய நேரம். கதவடியில் ஏதோ புஸ்ஸென்றது. பார்த்தால், படமெடுத்து நிற்கிறது ஒரு பாம்பு!

“ஐயோ, பாம்பு! யாராவது வாங்கடா!”

வெளியே நின்ற காவலன் வாயைப் பொத்திக்கொண்டான். பாம்பு என்று சொன்னால் நாக்கு போகுமே! முதல் வாசலுக்கு ஓடி, “நீளமாக ஒரு விருந்தாளி வந்திருக்கிறார்” என்றான். முதல் வாசல் அந்த ‘நீளமாக’வை வெட்டிவிட்டது. இரண்டாம் வாசல், ‘அரசர் விருந்தாளியோடு இருக்கிறார்’ என்றது. மகரபூஷணமோ, “அரசர் விருந்தாளியோடு ஆனந்தமாக நீராடுகிறார்! மேளம் எங்கே?” என்று துள்ளினார்.

ராஜா தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று அலறினான். அவன் அலற அலற, வெளியே தவில்காரன் இன்னும் பலமாக அடித்தான். அந்தச் சத்தத்தில் பாம்பு மிரண்டு தொட்டிப் பக்கம் நெளிந்தது.

அப்போது பின்கதவைத் திறந்து அறவாழி வந்தார். பாம்பை வெறுங்கையால் தூக்கினார்.

“இது பல் பிடுங்கியது, பிரபு. ஏரிக்கரையில் இருப்பதற்குப் பல் இருக்கிறது.”

“நான் பாம்பு என்றுதானே கத்தினேன்?” ராஜா விளிம்பிலிருந்து இறங்காமலே கேட்டான்.

“முறையிட வந்தவளும் கரை கசிகிறது என்றுதான் சொன்னாள்.” நடந்ததை ஒரு சொல் மாற்றாமல் சொல்லிவிட்டு, அறவாழி நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

ராஜா தொட்டியிலிருந்து இறங்கினான். படையைக் கரைக்கு அனுப்பச் சொல்லி முத்திரை மோதிரத்தைக் கழற்றி மந்திரியின் கையில் திணித்தான். மேளக்காரர்களோடு வெளியே நின்ற மகரபூஷணத்தையும் உள்ளே கூப்பிட்டான்.

“இனிமேல் குறை வந்த வாக்கிலேயே வரட்டும். குறையைக் கேட்டவனே முறையிட்டவர்கூடப் போகட்டும். வேலை முடியாமல் அவன் திரும்பக்கூடாது. மகரபூஷணம், நீர்தானே கேட்டீர்? கூடையைத் தூக்கும்!”

பட்டு அங்கவஸ்திரத்தைச் சும்மாடாகச் சுற்றி மகரபூஷணம் மண் சுமந்ததை ஊரே பார்த்தது. சிரிக்கத்தான் யாருக்கும் நேரமில்லை. படை முழுதும் சேர்ந்து கொட்டியதில் கரை நின்றது, ஊர் பிழைத்தது.

மதகடியில் மட்டும் கரை உள்வாங்கி ஒரு பெரிய குழி. அதன் விளிம்பில் ஒரு மண்வெட்டி. பக்கத்தில், முறையிட வந்த பெண் செங்காத்தாள் குழியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷனைக் காணோம்.

ராஜா யானையிலிருந்து இறங்கி, சேற்றில் அவள் எதிரே குந்தினான்.

“அம்மா, உன் குறையை உன் வாயாலேயே என்னிடம் சொல். எந்தச் சொல்லானாலும் சரி, கேட்டுக்கொள்கிறேன்.”

குழிக்குள் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது.

“ஒரு வார்த்தையாவது சொல்லம்மா.”