உருளையாழ் நூலேறிய கதை

எந்த நாட்டு ராஜா என்று கேட்டால் சொல்வதற்கில்லை. வெகு காலத்துக்கு முந்திய சங்கதி. அந்த ராஜாவுக்கு ஒருநாள் காலையில், உலகத்தில் அறியத்தக்க எல்லாவற்றையும் ஒரே நூலில் எழுதிவைத்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. நூலுக்குச் 'சர்வ களஞ்சியம்' என்று பெயர் வைத்து, ஆஸ்தானப் பண்டிதர் கலிவரதரை அதற்குத் தலைவராக்கினார். அத்தோடு விட்டாரா? களஞ்சியத்தில் இடம்பெறாத எந்த வாத்தியமும் இனி அரண்மனைத் திருவிழாவில் ஒலிக்கக் கூடாது என்று ஓர் ஆணையும் போட்டார்.

எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பதற்குக் கலிவரதர் ஒரு விதி எழுதி அரச முத்திரை வாங்கினார். 'கற்றறிந்த ஒருவர் அந்தப் பொருளைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். எழுதியவர் அதன் ஆக்கத்தில் கைவைத்தவராக இருக்கக் கூடாது.' நல்ல விதிதான். அரசவை விகடகவி செவந்தியப்பனே அதைக் கேட்டுத் தலையாட்டினான்.

சில நாளில் ஆற்றுத்துறையிலிருந்து வெள்ளச்சி என்ற பாட்டுக்காரி அவனைத் தேடிவந்தாள்.

"ஐயா, வருசா வருசம் திருவிழாவுல நாங்க உருளையாழ் வாசிக்கிறோம். இந்த வருசம் காவக்காரங்க உள்ளயே விடமாட்டேங்கிறாங்க. நூல்ல பேரு இல்லையாமே?"

உருளையாழ் ஒரு மரப்பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே உருளை சுழலும். அதில் குத்திய முளைகள் தந்திகளை மீட்டும். முளைகளைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினால் வேறு பாட்டு வரும். பெட்டியைச் செய்யும் முறை முழுவதும் துறை மண்டபச் சுவரில் செதுக்கியிருந்தது. யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளலாம். புதிதாக ஏதாவது திருத்தினால் அதையும் சுவரில் செதுக்கிவிட வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

செவந்தியப்பனுக்கு அந்தப் பெட்டியின் மேல் தனிப் பிரியம். வெள்ளச்சியைச் சபைக்கு அழைத்துப்போய் வழக்கைச் சொன்னான்.

"இதைச் செய்தவர் யார்?" என்று கலிவரதர் கேட்டார்.

"எல்லாருந்தான் சாமி."

"ஆளில்லாத படைப்புக்கு நூலில் இடமா? போகட்டும், இதைப் பற்றி எழுதிய புலவர் எவரேனும் உண்டா?"

"அடியேன் எழுதித் தருகிறேன்" என்றான் செவந்தியப்பன்.

பண்டிதர் புன்னகைத்தார். "மகாராஜா, இதன் கைப்பிடியை வளைத்துத் திருத்தியவர் நமது விகடகவிதான். சுவரில் அவர் பெயரே இருக்கிறதாம். கைவைத்தவர் சாட்சி செல்லாது!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்கும் விளையாட்டுப் பிடித்துக்கொண்டது. "செவந்தியப்பா, வரும் பௌர்ணமிக்குள் இதைப் பற்றி விதிப்படி எழுதிய நூலுரை ஒன்று கொண்டு வா. முடியாவிட்டால் விகடகவிப் பதவியை விட்டுவிட்டுப் பண்டிதர் எழுதுவதற்கு ஓலை நறுக்கிக் கொடுக்கும் வேலைக்குப் போ."

செவந்தியப்பன் சிரித்தபடிதான் வெளியே வந்தான். வாசல் தாண்டியதும் ஓட்டம் பிடித்தான். புலவர் வீடு வீடாக ஏறி இறங்கினான். உருளையாழைத் தெரிந்த புலவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு முளையாவது மாற்றியிருந்தார்கள். தெரியாதவர்களோ எழுதத் தெரியாது என்று கைவிரித்தார்கள். யாரும் கைவைக்கலாம் என்று திறந்து வைத்ததே வினையாகப் போயிற்றே என்று குளத்துப் படியில் உட்கார்ந்து யோசித்தான். இந்த ராஜ்யத்தில் அதைத் தொடாத கற்றறிந்தவர் ஒருவர்கூடவா இல்லை? சட்டென்று எழுந்தான். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே கலிவரதர் வீட்டுக்குப் போனான்.

"பண்டிதரே, தோற்றுவிட்டேன். ஆனால் ஒன்று. இன்று நான் வந்தேன், நாளை இன்னொருவன் இதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். இது ஏன் தகாது என்று தாங்களே விரிவாக எழுதி வைத்துவிட்டால் பிறகு யாரும் வாய் திறக்க முடியாது. சும்மா நாலு வரி எழுதினால், ஆராயாமல் தள்ளிவிட்டார் என்பார்கள்."

"ஆராயாமலா? நானா?" பண்டிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கே ஓர் உருளையாழ் வரவழைத்தார். பெட்டியின் அளவு, மரம், தந்தியின் வகை, எந்தெந்த ஊரில் எந்தெந்தச் சடங்குக்கு ஒலிக்கிறது என்று துருவித் துருவி விசாரித்து எழுதினார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேவைக்கு அதிகமாகவே கைப்பிடியைச் சுற்றினார் என்று வேலைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

பௌர்ணமியன்று சபையில் கலிவரதர் தம் கண்டனத்தைக் கம்பீரமாக வாசித்தார். வாசித்து முடிக்க வெயில் ஏறிவிட்டது.

செவந்தியப்பன் கைகூப்பி எழுந்தான். "பண்டிதரே, தாங்கள் கற்றறிந்தவர்தானே?"

"அதிலென்ன சந்தேகம்?"

"இதன் ஆக்கத்தில் கைவைத்ததுண்டா?"

"சீ! ஒரு முளையைக்கூட நான் மாற்றவில்லை."

"எழுதியது விரிவானதா?"

"இதைவிட விரிவாக எவனால் எழுத முடியும்?"

"மகாராஜா, விதிப்படியான நூலுரை வந்துவிட்டது" என்று செவந்தியப்பன் உட்கார்ந்துகொண்டான்.

பண்டிதர் பதறினார். "பிரபோ, நான் இதை இகழ்ந்தல்லவா எழுதியிருக்கிறேன்!"

"எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் விதி. புகழ்ந்திருக்க வேண்டும் என்று தாங்கள் எழுதவில்லையே!"

ராஜாவின் உதடு துடித்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்த நேரம் வெள்ளச்சி மெல்ல முன்னே வந்தாள். "சாமி, நாலாந்தந்தி சுருதி விலகுதுன்னு படிச்சீங்களே, அது நெசந்தான். எங்களுக்கும் ரொம்ப நாளா பிடிபடல. என்ன செஞ்சா சரியாகும்?"

தோற்ற முகத்தோடு நின்ற கலிவரதர் தம்மை மறந்தார். "அதுவா? தந்தியைத் தாங்கும் குதிரைக்கட்டையை ஒரு நெல்லளவு பின்னால் தள்ளி..."

"பண்டிதரே, வாயை மூடுங்கள்!" என்று செவந்தியப்பன் அலறினான். "இன்னொரு வார்த்தை சொன்னால் தாங்களும் கைவைத்தவராகிவிடுவீர்கள். என் சாட்சி போய்விடும்!"

அவ்வளவுதான். ராஜா சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். கலிவரதருக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது.

"முதலில் நூலில் ஏற்றுங்கள். பிறகு பண்டிதர் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லட்டும்" என்ற ராஜா, தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையைச் செவந்தியப்பனுக்குப் போர்த்தினார்; கழுத்து முத்துமாலையையும் கழற்றி அணிவித்தார். கண்டனம் ஓர் எழுத்தும் மாறாமல் களஞ்சியத்தில் ஏறியது. வெள்ளச்சி திருவிழாவுக்குத் தந்தி முறுக்கப் போனாள். குதிரையை எவ்வளவு தள்ள வேண்டும் என்று விரலால் காட்டியபடி பண்டிதரும் அவள் பின்னாலேயே போனார்.