அயர்லாந்தில் கப் அடித்த கஸ்பார்

அயர்லாந்தில் பதினோரு வருஷம் சமையல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய கஸ்பார், வாயைத் திறந்தால் அந்த நாட்டுக் கால்பந்துதான். எங்கள் ஊர்க் கோப்பைக்கு அது மூணாவது வருஷம். தோற்றவன் அன்றைக்கே மூட்டையைக் கட்ட வேண்டும். முந்தைய ரெண்டு தடவையும் முதல் ஆட்டத்திலேயே ஊர் அணி மண்ணைக் கவ்வியிருந்தது. இந்தத் தடவை ஆட்டத்தன்று காலையில் கோல் கீப்பருக்கு விரல் ஒடிந்துவிட்டது. அணிச் செயலாளர் தொம்மை டீக்கடையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கஸ்பாருக்கு அது போதாதா?

"அங்க டீமுக்குப் பதினஞ்சு பேரு. பந்தைக் கையாலயும் பிடிக்கலாம் வே. கோல் கம்பம் பனை ஒசரம். முத ஆட்டத்துல நான் உதைச்ச பந்து மேகத்துக்குள்ள போயிட்டு. ரெஃப்ரி இடைவேளை விட்டாரு. எல்லாரும் டீ குடிச்ச பொறவுதான் எறங்கிச்சு. தொப்பலா நனைஞ்சிருந்தது."

"பந்தா, ரெஃப்ரியா?" என்றார் வேன் ஓட்டுகிற சேசையா.

"பந்துதான்! ஒத்தக் கையில பிடிச்சேன். மறு கையில டீ கிளாஸ். ஒரு சொட்டு சிந்தல."

தொம்மை நிமிர்ந்தார். "கையால நல்லாப் பிடிப்பீரோ?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீரு! காலிறுதிக்கு வந்த டீம் என் பேரைக் கேட்டதும் பாதி வழியில பஸ்ஸைத் திருப்பிட்டான். அரையிறுதிக்காரன் வீட்டைப் பூட்டிட்டுக் கப்பலேறிட்டான். ஃபைனல் ஆட வேண்டிய பதினஞ்சு பேரும் முந்தின நாளே சாமியாராப் போறோம்னு குருமடத்துல சேந்துட்டானுவ!"

"அப்ப அந்த ஒரு ஆட்டந்தான் ஆடினீரு?"

சேசையா கேட்டது தொம்மையின் காதில் ஏறவே இல்லை. கீப்பரின் கையுறையை எடுத்துக் கஸ்பாரின் மடியில் வைத்தார். "நாலு மணிக்கு ஆட்டம். நீருதான் கீப்பர்."

கஸ்பார் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளதைச் சொன்னால், அங்கே மைதானத்துக்கு வெளியே உருளைக்கிழங்கு பொரித்ததோடு சரி. இப்போது அதைச் சொன்னால் ஊரில் தலைகாட்ட முடியுமா?

"நான் நின்னா எதிர் டீம் ஓடிருவானுவளே, ஜனங்க ஏமாந்துருமே" என்று இழுத்தார்.

"ஓடட்டும். நமக்கு வேண்டியது அதான வே."

நாலு மணிக்குக் கம்பங்களுக்கு நடுவே நின்ற கஸ்பார், அந்தோணியாருக்குப் பத்து மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார். நாலரைக்கு அதை இருபதாக்கினார். எதிர் அணியைக் காணோம். ஐந்து மணிக்குப் போன் வந்தது. வேனின் அச்சு முறிந்து நடுவழியில் நிற்கிறார்களாம். ரெஃப்ரி விசிலை ஊதி, ஊர் அணி ஜெயித்ததாக அறிவித்துவிட்டார்.

வேட்டு வெடித்தது. பையன்கள் கஸ்பாரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மேலே ஏறினதும் போன உயிர் திரும்பி வந்தது.

"பாத்தீரா சேசையா! என் பேரைக் கேட்டதும் வேனே முட்டி போட்டுட்டு!"

"பாத்தேன் வே" என்றார் சேசையா. "அடுத்த ஆட்டம் ஞாயித்துக்கெழம. அந்த டீமைக் கூட்டியார என் வேன்தான் போவுது. அது யாரு பேரைக் கேட்டும் முட்டி போடாது."