மணலைத் தவிர

“டீச்சர், நீங்க கடற்கரையில குப்பையைப் புதைக்கிறதை நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்.”

ஆவுடையப்பன் வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

பிலோமினா டீச்சர் கையில் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. அதை அவர் கீழே வைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

“பாத்தீங்களா அண்ணாச்சி? நல்லது.”

டீச்சருக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்காது. கடலைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர். கரையைக் கெடுக்காமல் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இந்தக் கரையிலேயே வகுப்பு எடுக்கிறார்.

ஆவுடையப்பனுக்கு அவரைப் போல இரண்டு மடங்கு வயது. சுற்றுலா வேன் ஓட்டுகிறார். வேனில் வருகிறவர்களுக்குத் தானே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று டீச்சரிடம் மாணவராகச் சேர்ந்தார். வகுப்புக்கு ஒரு நாளும் தவறியதில்லை. சந்தேகப்படவும் தவறியதில்லை. டீக்கடையில் டீயைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பார்.

“போன சனிக்கிழமை பிள்ளைங்க அள்ளுன மூட்டைதானே அது? பஞ்சாயத்து வண்டியில ஏத்தாம நீங்க சிலதை ஒதுக்கி வச்சப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.”

“ம்.”

“குழி தோண்டுதீங்க. கொட்டி மூடுதீங்க. அதுக்கு மேல தண்ணி வேற தெளிக்கீங்க. நாத்தம் தெரியாம இருக்கவா?”

டீச்சர் பதில் சொல்லவில்லை. அது அவர் வழக்கம். திருட்டு முழி முழிப்பவர்களின் வழக்கமும் அதுதான் என்று ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டார்.

“எனக்குப் புரியாம இல்ல. கரை சுத்தமாயிட்டா உங்க வகுப்புக்கு வேலை இல்ல. பிள்ளைங்க அள்ளணும், நீங்க கொட்டணும், மறுபடி பிள்ளைங்க அள்ளணும். பல் டாக்டரே வாசல்ல மிட்டாய்க் கடை போட்ட மாதிரிலா இருக்கு.”

“நல்லா யோசிச்சிருக்கீங்க.”

“சிரிக்காதீங்க டீச்சர். இன்னைக்கு அடுத்த பள்ளிக்கூடம் வருது. ஹெட்மிஸ்ட்ரஸும் வாராங்க. நீங்க காரணம் சொல்லலன்னா நான் அவங்ககிட்டச் சொல்லிருவேன். அதோட இந்த வகுப்பு முடிஞ்சுது.”

சொல்லிவிட்டாரே ஒழிய, அவருக்கு மனசு கேட்கவில்லை. இந்த வயது வரைக்கும் அவர் முழுசாக நம்பிய ஒரே ஆள் இந்த டீச்சர்தான். அதுவும் பொய்யா என்று ஆத்திரமாக வந்தது. அழுகையாகவும் வந்தது.

காற்று மணலை வாரி இருவர் முகத்திலும் அடித்தது.

“இது வேற,” என்று துப்பினார். “இத்தனை வருசமா ரோட்டுக்கு மண்ணு வந்ததே இல்ல. இப்ப ஒரு வாரமா வேன் சீட்டெல்லாம் மண்ணு. டீயிலயும் மண்ணு. டீத்தூள்ல கலக்கியான்னு நேத்து கடைக்காரன்கிட்ட ஒரே சண்டை.”

“கலக்கினாரா?”

“இல்லன்னு சத்தியம் பண்ணுதான். நம்ப முடியுமா?”

டீச்சர் மூட்டையை அவர் காலடியில் வைத்தார்.

“இதை அந்த மேடு வரைக்கும் தூக்கிட்டு வாங்க.”

ஆவுடையப்பன் சுற்றும்முற்றும் பார்த்தார். யாராவது மறைந்து நின்று போட்டோ எடுக்கிறார்களோ? தூக்கினால் நாமும் கூட்டாளி ஆகிவிட மாட்டோமா?

“நான் தூக்க மாட்டேன்.”

“அப்ப கையை மட்டும் உள்ள விடுங்க.”

“உள்ள என்ன இருக்கு?”

“அதைப் பாக்காமலே இவ்வளவு நேரம் பேசிட்டீங்களே.”

பாம்பு கீம்பு இருக்குமோ என்று அதிலும் ஒரு சந்தேகம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மெல்ல விட்டார். வெடுக்கென்று எடுத்தார். விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

“குத்துதா அண்ணாச்சி?”

“ஊசி. ஆஸ்பத்திரி ஊசி. எனக்கு அப்பவே தெரியும்.”

டீச்சர் மூட்டையைக் கவிழ்த்தார்.

ஊசி இல்லை. பிளாஸ்டிக் இல்லை. மணல்மேட்டில் முள் பந்து முள் பந்தாகப் படரும் ராவணன் மீசைப் புல். அதோடு பின்னிக் கிடந்த அடும்பங்கொடி. எல்லாம் வேரோடு பிடுங்கியது. ஈரச் சாக்குக்குள்ளேயே ஒன்றிரண்டு கணுவில் புது வேர் எட்டிப் பார்த்தது.

ஆவுடையப்பன் மேட்டைப் பார்த்தார். போன சனிக்கிழமை வரை பச்சையாகக் கிடந்த மேடு. இப்போது மொட்டையாக இருந்தது. உச்சியிலிருந்து மணல் கிளம்பி, ரோட்டைத் தாண்டி, நேரே டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கு இந்த மேட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் அவர்தான். அவரே எடுத்த முதல் வகுப்பு. “மணலைத் தவிர இங்க எதுவும் மிஞ்சக் கூடாது” என்று கத்தியது இப்போது காதில் கேட்டது. பிள்ளைகளும் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தார்கள்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?” குரல் இறங்கியிருந்தது.

“நான் அந்தக் கோடியில இருந்தேன். ஓடி வாரதுக்குள்ள நீங்க போட்டோ எடுத்துட்டு இருந்தீங்க. பிள்ளைங்க முகத்துல அவ்வளவு சந்தோசம்.”

ஆனாலும் ஆவுடையப்பன் விடவில்லை.

“இருக்கட்டும். இதைப் பிடுங்கினா கையைக் கிழிச்சிருக்கும். ஒரு பிள்ளையாவது கத்தியிருக்கணும். யாரும் கத்தலயே. அப்ப இது வேற யாரோ செஞ்ச வேலை.”

டீச்சர் அவருடைய வேனைக் கை காட்டினார்.

முன் சீட்டில் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டி நிறையச் சிவப்புக் கையுறைகள். தடித்த ரப்பர். ஒவ்வொன்றிலும் ‘ஆவுடை டிராவல்ஸ்’ என்று அச்சடித்திருந்தது. போன வாரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரே மாட்டிவிட்டவை.

ஆவுடையப்பன் குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கொடிகளை வாரி எடுத்து மேட்டுக்கு நடந்தார். மண்டி போட்டு, கையால் மணலைத் தோண்டி, ஒரு கணுவை உள்ளே வைத்து மூடினார். டீச்சர் தண்ணீர் தெளித்தார்.

பள்ளிக்கூட பஸ் வந்து நின்றது. ஹெட்மிஸ்ட்ரஸ் இறங்கினார். பின்னாலேயே பிள்ளைகள் இறங்கி, வேனில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஆவுடையப்பன் முழங்கால் மணலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

“கையுறை கிடையாது.”

ஹெட்மிஸ்ட்ரஸ் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“சார், கையில ஏதாவது குத்தினா?” என்று முன்னால் நின்ற பெண் கேட்டாள்.

“குத்தினா பிடுங்காத. குத்தினது யாருன்னு பாரு.”