எல்லோருக்கும் முள் குத்திய குளம்

அன்று நாவல் குளத்துக்கு வந்திருந்தவர்கள்: புள்ளிமான்கள் பதினான்கு, காட்டுப்பன்றிகள் ஒன்பது, காட்டெருமைகள் ஆறு, முள்ளம்பன்றி ஒன்று, ஆள்காட்டிக் குருவி ஒன்று. குட்டிகளையும் சேர்த்து மொத்தம் முப்பத்தொன்று.

கடுங்கோடை. மலைக்கு இப்பால் வேறு தண்ணீர் கிடையாது.

காட்டெருமைத் தலைவர் பாறைமேல் ஏறி நின்றார். "பக்கத்துக் காட்டில் கோமாரி வந்திருக்கிறதாம்! வாயில் நுரை, குளம்பில் புண், பிறகு நொண்டல். இங்கே எவருக்கு வந்தாலும் அவருடைய கூட்டமே குளத்தை விட்டுப் போய்விட வேண்டும்! ஆள்காட்டி, நீ தினமும் சுற்றிப் பார்த்துச் சொல்!"

"போகிறவர்கள் எங்கே குடிப்பார்கள்?" என்று ஆள்காட்டி கேட்டது. "வறண்ட ஓடை மணலில் இப்போதே ஓர் ஊற்று தோண்டி வைக்கலாமே!"

"வராத நோய்க்கு ஊற்றா? எங்கள் மூக்கு என்ன மண்வெட்டியா?" என்று பன்றிகள் சிரித்தன.

சில நாளில் செம்பி என்ற பெண்மானின் குட்டி நொண்டியது.

"அக்கா, குட்டிக்கு என்ன?" என்றது ஆள்காட்டி.

"முள் குத்திவிட்டது, தம்பி."

மலைக்கு அப்பாலுள்ள ஆறு வரை அந்தக் குட்டியால் நடக்க முடியாது. செம்பிக்கு அது தெரியும். குட்டியின் வாய் நுரையை நக்கித் துடைத்து, மற்றக் குட்டிகளோடு நிற்க வைத்தது.

பிறகு வேறு மான்குட்டிகள் நொண்டின. பன்றிக்குட்டியும் நொண்டியது.

"முள்!" என்றன மான்கள். "எங்களுக்கும் முள்தான்!" என்றன பன்றிகள்.

"இந்தக் கரையில் முள்மரமே இல்லையே!" என்றது ஆள்காட்டி.

"முள்ளம்பன்றி உதிர்த்திருக்கும்!" என்றன பன்றிகள்.

முள்ளம்பன்றிக்குக் கோபம் வந்தது. "என் முள் குறைந்திருக்கிறதா என்று வேண்டுமானால் கிட்ட வந்து எண்ணிப் பாருங்கள்!" என்று முதுகைக் காட்டியது. யாரும் கிட்டப் போகவில்லை.

இரண்டு மான்குட்டிகளும் ஒரு பன்றிக்குட்டியும் இறந்தன. "வெயில் தாங்கவில்லை," என்று பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் ஒரு காலையில் தலைவரின் கன்றே நொண்டிக்கொண்டு வந்தது. கடைவாயில் நுரை. எல்லோரும் பார்த்தார்கள்.

"என்ன பார்வை?" என்று தலைவர் அதட்டினார். "முள் குத்தியிருக்கிறது!"

செம்பி முன்னே வந்தது.

"ஐயா, அதே முள்தான் என் குட்டிக்கும். அன்றே சொல்லியிருந்தால் மூன்று குட்டிகள் பிழைத்திருக்கும். ஆனால் சொல்லியிருந்தால் என் குட்டி வழியில் செத்திருக்கும். நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்!"

தலைவர் தன் கன்றைப் பார்த்தார்.

"நான் போட்ட சட்டம் என்னையே பொய் சொல்ல வைத்துவிட்டது," என்றார். "இனி எந்தக் கூட்டமும் வெளியேற வேண்டாம். ஓடையில் ஊற்று தோண்டுவோம்; நோய் கண்டவர் அதில் தனியாகக் குடிக்கட்டும். அவர்களுக்கு ஆள்காட்டி காவல். நல்ல புல் இருக்கும் ஓடைக்கரையும் அவர்களுக்கே!"

பன்றிகள் இம்முறை சிரிக்கவில்லை; மூக்கால் மணலைத் தோண்டின. பொழுது சாய்வதற்குள் மணலில் தண்ணீர் சுரந்தது. தலைவரின் கன்றும் செம்பியின் குட்டியும் அருகருகே நின்று குடித்தன.

அன்று மாலை ஆள்காட்டி கேட்பதற்கு முன்பே, "எனக்குப் புண்!" "எனக்கும்!" என்று நான்கு பேர் தாமாக வந்தார்கள். அதன்பின் ஒருவரும் சாகவில்லை. அடுத்த கோடைக்குப் பன்றிகள் யாரும் சொல்லாமலே ஊற்றைத் தூர்வாரி வைத்தன.

நோய் உண்டென்று சொல்பவரைத் துரத்துகிற இடத்தில் நோய் ஒளிந்து வளரும்; நாவல் குளம் இதைக் கற்றுக்கொண்டபோது அங்கே மீதி இருந்தவர்கள் இருபத்தெட்டுப் பேர்.