பிடுங்க ஆளில்லாத நாவல் கிளை

மழை தவறாமல் பெய்து, மன்னர்களும் தவறாமல் பிறந்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது புன்னைவள நாட்டைச் சேந்தவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் அவனுக்கு ஓர் ஆசை வந்தால் மாலைக்குள் அது அரசாணையாகிவிடும்.

ஒருநாள் அவைப்புலவர் மாதவரையர் அவனுக்கு ஓர் ஆசையை மூட்டிவிட்டார். “பௌத்தம் தந்த சாக்கிய முனி அரசகுமாரர். சமணம் வளர்த்த வர்த்தமானரும் அரசகுமாரர். தாங்களோ அரசரே! மதம் ஒன்றை நிறுவத் தங்களுக்கு என்ன குறை, பிரபு?”

அரசனுக்கும் குறை எதுவும் தென்படவில்லை.

அந்நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புதுக் கொள்கையோடு வருகிறவன் மணலில் நாவல் கிளை ஒன்றை நடுவான். எதிர்ப்பவன் அதைப் பிடுங்கினால் வாதம் தொடங்கும். ஏழு நாள் யாரும் பிடுங்காவிட்டால் நட்டவனுக்கே வெற்றி. அரசன் அரண்மனை முற்றத்தில் கிளையை நட்டு, இருபுறமும் உருவிய வாளோடு காவலரை நிறுத்தினான். வாதத்துக்கு நடுவரும் அவனே. ஊர்த் துறவிகள் எல்லாரும் அடுத்த தெரு வழியாகப் பிச்சைக்குப் போனார்கள்.

நான்காம் நாள் மாதவரையர் அரசன் காதைக் கடித்தார். அமைச்சர் மருதூராரிடம் ஊரே யோசனை கேட்பது அவருக்குப் பல வருட வயிற்றெரிச்சல். “எல்லா நூலும் கற்ற அமைச்சர் ஏன் வாய் திறக்கவில்லை, பிரபு?”

அரசன் அமைச்சரை அழைத்தான். “மருதூராரே, ஏழாம் நாள் கிளையைப் பிடுங்கி என்னோடு வாதாடும். தோற்றால் தலை போகும். மனமில்லையென்றால் என் முதல் சீடராகிவிடும்.”

மருதூரார் வீடு திரும்பி யோசித்தார். அரசனே நடுவர் என்றால் யார் தோற்பார் என்று கேட்கவும் வேண்டுமா? சீடரானால் தலை தப்பும். ஆனால் நாற்பது வருடம் உண்மை பேசிப் பழகிய நாக்கை என்ன செய்வது? ஏட்டுக்கட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஏழாம் நாள் எழுத்தாணியும் வெற்றோலையுமாக, சிரித்த முகத்தோடு அவைக்கு வந்தார்.

“கிளையைத் தொடமாட்டேன், அரசே. முதல் சீடரின் ஆசனம் எது?”

அரசனின் வலப்பக்கம் இருந்த ஆசனத்தைக் கண்டதும் மாதவரையருக்குப் பொறுக்கவில்லை. “அதெப்படி? யோசனை சொன்னவன் நான். முதல் சீடனும் நானே!”

“அப்படியே ஆகட்டும்” என்று அமைச்சர் உடனே விட்டுக்கொடுத்தார். “நான் வரலாற்றை எழுதுகிறேன். சாக்கிய முனி மனைவியையும் மகனையும் அரண்மனையையும் துறந்தார் என்று நூல்கள் சொல்கின்றன. தாங்கள் துறந்தது எது, அரசே? ஓலையில் இடம் விட்டிருக்கிறேன்.”

அரசன் யோசித்தான். “வேட்டையை விட்டேனே!”

“அது முழங்கால் வலியால் விட்டது.”

“பாகற்காய்?”

“அதைத் தாங்கள் எப்போது தொட்டீர்கள்?”

காவலன் ஒருவன் அவசரமாக இருமினான்.

“போகட்டும், தலையிலிருந்து தொடங்கலாம்” என்றார் மருதூரார். “வர்த்தமானர் தம் முடியை ஐந்து பிடியாகத் தம் கையாலேயே பறித்தெறிந்தாராம்.”

அரசனின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. “முதலில்... முதல் சீடர் செய்து காட்டட்டும்.”

மாதவரையரின் கூந்தல் ஊரறிந்தது. தினம் சந்தனத் தைலம், முல்லைப் பூ. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி பிடித்து இழுத்தார். “ஐயோ, அம்மா!”

“இன்னும் நான்கு” என்றார் மருதூரார், ஓலையிலிருந்து கண்ணெடுக்காமல்.

“இது மதமா, கொலையா? இந்த மதமே எனக்கு வேண்டாம்!” என்று அலறிய புலவர் முற்றத்துக்கு ஓடி, நாவல் கிளையைப் பிடுங்கி வீசினார். வீசிய பிறகுதான் இரண்டு வாள்களும் தம் பக்கம் திரும்பியிருப்பதைக் கண்டார். அப்படியே மண்ணில் விழுந்தார்.

“புலவர் தங்களை வாதுக்கு அழைக்கிறார், அரசே” என்றார் மருதூரார் பணிவாக.

அரசன் கிளையைப் பார்த்தான், புலவரைப் பார்த்தான், தன் முடியை ஒருமுறை தடவிக்கொண்டான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். “வாதில் நான் தோற்றேன்! மதம் ஒழிந்தது. வாளை உறையில் போடுங்கள். எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் போடச் சொல்லுங்கள்!”

முடிவைக் காண வாசலில் கூடியிருந்த துறவிகள் உட்பட அனைவரும் பெருமூச்சு விட்டார்கள். அரசனின் கணையாழி அமைச்சர் விரலுக்குப் போயிற்று. இனி வாத மண்டபத்தில் ஓராண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்பது புலவரின் தண்டனை.

அவை கலைந்ததும் அரசன் மெல்லக் கேட்டான்: “சாக்கிய முனியும் முடியைப் பறித்தாரா?”

“இல்லை, அரசே. வாளால் ஒரே வீச்சில் அறுத்துக்கொண்டார் என்பார்கள்.”

“வலிக்காத வழியாயிற்றே! அதை ஏன் அப்போதே சொல்லவில்லை?”

“சொல்லியிருந்தால் மதம் நிலைத்திருக்கும். பக்கத்திலேயே இரண்டு வாள் இருந்தனவே, அரசே!”