ஒன்பது விநாடி

"ஆசான், நாளையிலேருந்து நான் வரல."

சொல்லிவிட்டு வெயிலுமுத்து கையிலிருந்த கம்பை மண்ணில் கிடத்தினார்.

ஆசான் சங்கரகோமதி தரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வயது. பகலில் தபால் ஆபீஸ் கவுண்ட்டர். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல், மூடிக் கிடக்கும் பஞ்சு மில்லுக்குப் பின்னால் உள்ள செம்மண் தரையில் சிலம்பம்.

வெயிலுமுத்துவுக்கு ஐம்பது நெருங்குகிறது. தனியார் டவுன் பஸ் ஓட்டுகிறவர். நாலு வருஷமாக வருகிறார். ஆசான் வயதில் சிறியவள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அவளைக் கும்பிட்ட பிறகுதான் கம்பைத் தொடுவார்.

"ஏன் அண்ணாச்சி?"

"எனக்கு ஒண்ணு தெரியணும். அது தெரியாம கம்பு பிடிக்க முடியல."

"கேளுங்க."

"அன்னைக்கு நான் பயந்துட்டனா? இல்ல, பொறுத்துக்கிட்டனா?"

ஆசான் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரையும் தெளித்தாள்.

அன்றைக்கு என்று அவர் சொன்னது பதினோரு நாளுக்கு முன்னால்.

காலை நேரம். ரயில்வே மேம்பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. வெயிலுமுத்துவின் பஸ் ஒரு பைக்கின் கண்ணாடியை லேசாக உரசிவிட்டது. பைக் ஓட்டியவன் இளவட்டம். பைக்கைப் பாலத்திலேயே சாய்த்துவிட்டு வந்தான். டிரைவர் கதவின் படியில் ஏறினான். ஜன்னல் வழியாகக் கையை விட்டு வெயிலுமுத்துவின் கன்னத்தில் ஓர் அறை விட்டான். இறங்கினான். போய்விட்டான்.

வெயிலுமுத்து அசையவில்லை.

பக்கத்து வண்டியிலிருந்து யாரோ போனில் எடுத்துவிட்டார்கள். ஒன்பது விநாடி. சாயங்காலத்துக்குள் ஊரில் பாதிப் பேர் பார்த்தாயிற்று.

நாலு பேர் சுற்றி நின்று கம்பு வீசினாலும் மேலே ஒரு அடி விழாமல் தடுக்கிறவர் வெயிலுமுத்து. ஊருக்கு அது தெரியும். அதனால்தான் பார்த்தவர்கள் இன்னொரு தடவை பார்த்தார்கள்.

பயிற்சி முடிந்ததும் எல்லோரும் மில் வாசல் டீக்கடையில் டீ குடிப்பது வழக்கம். அங்கேதான் பேச்சு ஆரம்பித்தது.

ஞானதுரை டூவீலர் மெக்கானிக். எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். அந்த ஒன்பது விநாடியையும் பிரித்தார்.

"இந்த இடத்துல நிறுத்துறேன், பாருங்க அண்ணாச்சி. அவன் முழங்கை தொறந்து கெடக்கு. இடது கையால ஒரு தட்டு. வலது கையால மணிக்கட்டப் பிடிச்சு, ஜன்னல் விளிம்புல வச்சு ஒரு திருகு. தீந்துச்சு சோலி."

வெயிலுமுத்து பார்த்தார். படத்தில் ஜன்னலுக்கு மேலேதான் தெரிந்தது. அவர் முகம், தோள், ஸ்டியரிங்கில் இரண்டு கை. முழங்கை திறந்துதான் கிடந்தது.

மறுநாள் ஞானதுரை வேறு சொன்னார்.

"நேத்துச் சொன்னது தப்பு அண்ணாச்சி. அவ்வளவு நேரம் கிடையாது. தலையைப் பின்னால வாங்கணும். கை காத்துல போகும். அவனே நெல தடுமாறுவான்."

மூன்றாம் நாள், பின்னால் வாங்கக்கூடாது, அடிக்குள்ளேயே முன்னால் போகணும், அப்போது அடிக்கு வேகம் இருக்காது என்றார்.

மூன்றையும் வெயிலுமுத்து செய்து பார்த்தார். மூன்றுமே சரியாகத்தான் வந்தன. அதுதான் அவரை இன்னும் குழப்பியது. தெரிந்த அடிதான் எல்லாம். அன்றைக்கு ஒன்றுகூட ஏன் வரவில்லை?

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தெய்வானைக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை.

"என்னண்ணே, அண்ணாச்சிக்குத் தெரியாத தடுப்பையா நீங்க சொல்லிக் குடுக்கீங்க? அவங்க வேணும்னுதான் விட்டாங்க. கையில வித்தை வச்சுக்கிட்டு ஒரு சின்னப் பயல அடிக்காம விட்டாங்க பாருங்க, நம்மில யாரால முடியும்?"

அன்று வெயிலுமுத்து நிமிர்ந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை முகச்சவரம் செய்யும்போது கண்ணாடியில் அந்தக் கன்னத்தைப் பார்த்தார். வேணும்னுதான் விட்டேனா? விடுவது என்றால், விட்டுவிடலாம் என்று ஒரு நொடியாவது நினைத்திருக்க வேண்டும். அப்படி ஒன்றும் நினைத்த ஞாபகம் இல்லை. கை வந்தது. அடி விழுந்தது. நடுவில் உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை.

அதை டீக்கடையில் சொன்னார்.

"அப்போ ஒறைஞ்சு போயிட்டீங்க அண்ணாச்சி" என்றார் ஞானதுரை. "தப்பா நினைக்காதீங்க. அதுவும் பயந்தான். தனக்கே தெரியாத பயம்."

"தனக்கே தெரியாத பொறுமைன்னு ஏன் சொல்லக்கூடாது?" என்றாள் தெய்வானை.

"பொறுமை எப்படிம்மா தெரியாம வரும்?"

"பயம் மட்டும் தெரியாம வருமாக்கும்?"

இரண்டு பேர் டீயும் ஆறியது. வெயிலுமுத்து நடுவில் உட்கார்ந்து கன்னத்தைத் தடவினார். யாருடைய கன்னத்தையோ தொடுவது மாதிரி இருந்தது.

பயந்தால் வியர்க்கும். அன்றைக்கு வியர்க்கவில்லை. பயந்தால் கை நடுங்கும். படத்தில் கை நடுங்கவில்லை. ஞானதுரையின் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்தது வைத்தபடி இருந்தன.

சரி, பொறுமைதான் என்றால், இந்தப் பதினோரு நாளும் மனசு ஏன் இப்படிக் கொதிக்கிறது? நடுரோட்டில் அந்தப் பயலை வழிமறிப்பது மாதிரி ஏன் நினைப்பு ஓடுகிறது?

ஒரு நாள் காலையில் அவர் மனைவி செல்லக்கனி காப்பியை நீட்டினாள். வெயிலுமுத்துவின் இடது கை தானாக எழுந்து தட்டிவிட்டது. தம்ளர் உருண்டு வாசல்வரைக்கும் போனது.

"என்னங்க இது?"

"தடுப்பு."

"காப்பியவா?"

அவர் வாசல்வரைக்கும் போய்த் தம்ளரை எடுத்து வந்தார்.

களத்திலும் கை கெட்டுப்போனது. எதிரே கம்பு வந்தால் கை பதில் சொல்வதற்கு முன்னால் கேள்வி கேட்டது. தட்டவா, பின்னால் வாங்கவா, உள்ளே போகவா? கேட்டு முடிப்பதற்குள் அடி தோளில் விழுந்தது. தெய்வானையே அவரை இரண்டு தடவை அடித்துவிட்டாள். அடித்துவிட்டு அவள்தான் கலங்கிப்போனாள்.

பத்து நாளும் ஆசான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். டீக்கடைப் பேச்சும் அவள் காதுக்கு வந்தது. "கம்பை எடுங்க அண்ணாச்சி" என்பாள். அவ்வளவுதான்.

பதினோராம் நாள்தான் வெயிலுமுத்து கம்பைக் கிடத்தினார்.

"சொல்லுங்க ஆசான். நீங்களும் பாத்திருப்பீங்கல்லா, அந்தப் படத்த?"

"பாக்கல."

"பாக்கலயா?"

"வீட்டுல காட்டுனாங்க. வேண்டாம்னுட்டேன்."

ஞானதுரை போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "இருக்கு ஆசான். இப்பவே போடுறேன்."

"வேண்டாம்ணே. படத்துல வந்தவரு முன்னால நிக்காருல்லா."

அவள் மில் சுவரோரமாகப் போய் ஒரு காலி பெயிண்ட் டப்பாவை எடுத்து வந்தாள். களத்தின் நடுவில் கவிழ்த்துப் போட்டாள்.

"செருப்பக் கழட்டிட்டு உக்காருங்க அண்ணாச்சி."

வெயிலுமுத்து உட்கார்ந்தார்.

"இது உங்க சீட்டு. அந்தப் பையன் எந்தப் பக்கம் ஏறுனான்?"

"வலது பக்கம்."

ஆசான் வலது பக்கம் போய் நின்றாள். மற்றவர்கள் கம்பை ஊன்றிக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

"வண்டிய ஓட்டுங்க."

"எப்படி ஆசான்?"

"தினமும் எப்படி ஓட்டுவீங்களோ, அப்படி."

வெயிலுமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்து வண்டி ஓட்டுவதா? தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கி இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"ஸ்டாண்டுலேருந்து கெளம்பியாச்சு. இப்ப எங்க வாறீங்க?"

"மார்க்கெட்டு திருப்பம்."

"கூட்டமா?"

"காலை வண்டில்லா. படிவரைக்கும் நிக்காங்க."

"பொறவு?"

"பாலம்."

"ஏறுங்க."

அவர் இடது கை கியர் மாற்றியது. கண் முன்னால் பார்த்தது. முகத்தில் இருந்த வெட்கம் மெல்லப் போனது.

"முன்னால லாரி நின்னுட்டுது" என்றார் அவராகவே. "நானும் நிறுத்திட்டேன்."

"அவன் வாறான்."

"ஆமா. கத்திக்கிட்டே வாறான்."

"ஏறிட்டான்."

ஆசானின் கை வீசியது. கன்னத்துக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நின்றது.

வெயிலுமுத்து அசையவில்லை.

"பாத்தீங்களா!" ஞானதுரையால் பொறுக்க முடியவில்லை. "அதே மாதிரி! இடது கைய எடுங்க அண்ணாச்சி, தட்டுங்க!"

"மறுபடியும்" என்றாள் ஆசான்.

மறுபடியும் ஸ்டாண்டு, மார்க்கெட்டு, பாலம். மறுபடியும் கை வந்தது. வெயிலுமுத்துவின் கண்கூட இமைக்கவில்லை.

"எதுவும் செய்யணும்னு தோணுதா அண்ணாச்சி?"

"தோணல ஆசான். அதைத்தான் நானும் கேக்கேன். ஏன் தோணல? நாலு வருஷம் படிச்சது எங்க போச்சு? நான் மனுஷன்தானா?"

தெய்வானை வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"மூணாவது தடவை" என்றாள் ஆசான். "இந்தத் தடவை அவன் அடிக்கும்போது நீங்க எந்திரிச்சிருங்க. தடுக்க வேண்டாம், திருப்பி அடிக்க வேண்டாம். எந்திரிச்சா போதும்."

"சரி."

பாலம் வந்தது. லாரி நின்றது. அவன் வந்தான், ஏறினான். கை வீசியது.

வெயிலுமுத்து எழுந்தார்.

எழப் பார்த்தார். இடுப்பு தூக்கியது. இடது கால் ஊன்றியது. உடம்பு ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. டப்பா சரிந்து உருண்டது. அவர் பாதி எழுந்தபடி, முன்னால் சாய்ந்து, விழாமல் அப்படியே நின்றார்.

"கைய ஊனுங்க அண்ணாச்சி!" என்று ஞானதுரை ஓடி வந்தார். எல்லோரும் அவர் கையைத்தான் பார்த்தார்கள்.

ஆசான் குனிந்து தரையில் உட்கார்ந்தாள்.

வெயிலுமுத்துவின் வலது கால் மண்ணை விட்டு எழும்பியிருக்கவில்லை. தண்ணீர் தெளித்த செம்மண்ணில் ஐந்து விரலும் அடிக்கணுவரை புதைந்திருந்தன. கெண்டைச்சதை கல் மாதிரி இறுகி நின்றது. கால் மட்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இது என்னது?"

வெயிலுமுத்து கீழே பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார். ஞானதுரை போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பிரேக்கு" என்றார் வெயிலுமுத்து.

"என்ன பிரேக்கு?"

"ஏத்தம் ஆசான். ஏத்தத்துல நிக்கி வண்டி. இப்பத்தான் நின்னுது, ஹேண்ட் பிரேக்கு இன்னும் போடல." அவருக்கு மூச்சு வாங்கியது. "பின்னால ஒரு ஆட்டோ. கண்ணாடியில பாத்தேன். ஒட்டிக்கிட்டு நிக்கான். உள்ள பூரா பள்ளிக்கூடத்துப் பிள்ளைக."

"ம்."

"கால எடுத்தா வண்டி பின்னால உருளும்."

"உள்ள எத்தனை பேரு?"

"நிக்கிறவங்களையும் சேத்து அறுபது பேராவது இருப்பாங்க."

கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்க அவருக்குத் தோன்றவில்லை. கால் இன்னும் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது.

ஆசான் அந்தப் பாதத்தின் மேல் கையை வைத்தாள்.

"எல்லாரும் எறங்கியாச்சு அண்ணாச்சி" என்றாள். "கால எடுங்க."